இவருக்கு ஹெரால்டு, எனக்கு முட்டி!

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, கார் வாங்கப் போகும்போது கைப்பையில் என்ன எடுத்துக்கொண்டு போவாள்? நான் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன். தலையாட்டிப் பொம்மை போட்ட காந்தம். பேத்தி பெரிய கோயில் வாசலில் அடம்பிடித்து வாங்கியது. இவர் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். "சும்மா இருக்கட்டும்" என்றேன்.

அந்தச் சும்மா எங்களுக்கு எத்தனை லட்சத்தை மிச்சப்படுத்தியது, மிச்சப்படுத்தியதா இல்லையா என்பதைத்தான் சொல்ல வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

2022 ஐப்பசியில் இவருக்கு மார்பு வலி வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்ததே பெரிது என்று மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். ஆனால் வந்த மனுஷர் பழைய மனுஷராக இல்லை. காலையில் ஊஞ்சலில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அப்படியே. பேப்பர் மடித்தபடி இருக்கும். வயலுக்குப் போவதில்லை. பேச்சும் இல்லை. டாக்டரிடம் சொன்னேன். "இதய ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு மனசு இப்படித்தான் சோர்ந்து போகும், மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்குப் பிடித்த வேலை ஏதாவது கையில் கொடுங்கள்" என்றார். பிடித்த வேலை! முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தும், இவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தால் வெங்காய சாம்பாரைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமாகப் போயிற்று.

விடை 2023 தை மாசம் செல்போனில் வந்தது. கும்பகோணத்தில் இருக்கிற இவருடைய சிநேகிதர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சிவப்பு நிறத்தில் குள்ளமான ஒரு கார், இரண்டே கதவு. இவர் ஊஞ்சலை விட்டு எழுந்து, வெளிச்சத்துக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று மாசத்தில் அவர் தானாக எழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஸ்டாண்டர்ட் ஹெரால்டு" என்றார், ஏதோ பழைய வாத்தியார் பெயரைச் சொல்கிற மாதிரி.

பையன், "என்னப்பா இது, ஸ்போர்ட்ஸ் காரா?" என்று சிரித்தான். அவ்வளவுதான், இவருக்கு வாய் திறந்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டு இலைக்கு முன்னால் நடந்த பிரசங்கத்தின் சாரம் இது.

இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று ஒரு கார் வந்தது. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். அதன் அடிச்சட்டத்தை வைத்துத்தான் 1962ல் ஸ்பிட்ஃபயர் என்ற நிஜமான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த ஹெரால்டை நம் மெட்ராஸில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் செய்து விற்றது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் சாதாரண மனுஷர்கள் நினைத்தும் பார்க்க முடியாத காலம். அம்பாசிடர், ஃபியட், விட்டால் இது. அதனால் இரண்டு கதவு ஹெரால்டுதான் நம் ஊர் வாலிபர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸில்கூட ஓடியிருக்கிறது. கம்பெனி எண்பதுகளின் கடைசியில் மூடிப்போயிற்று.

இதையெல்லாம் விட இவர் மனசில் இருந்தது வேறு. திருவையாற்றில் இவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு டாக்டர் ஹெரால்டு வைத்திருந்தாராம். அந்தக் காருக்கு முன்பக்க மூடி மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பாகமே முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் சாயும். டாக்டர் அதைத் திறந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்பார்களாம். "ஒரு தடவை என்னை அந்தச் சக்கரத்து மேலேயே உக்காத்தி வச்சு, கார்புரேட்டர்னா என்னான்னு காட்டினார்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, விலை? ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

நான்தான் வேண்டாம் என்றேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கணக்கே தீரவில்லை. எங்களுக்கு இருப்பது பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர். ஓடாத காருக்கு யாராவது ஒன்றரை லட்சம் கொடுப்பார்களா என்றேன். இவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. போனை மூடி வைத்துவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் காவிரியும் எங்களைச் சோதித்தாள். 2023ல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தும் தண்ணீர் போதவில்லை. அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். சம்பா அரையும் குறையுமாகக் கண்டது. 2024ல் அணை திறக்கவே ஜூலை 28 ஆகிவிட்டது. போர் இல்லாத எங்கள் வயலில் குறுவை கிடையாது. இதற்கு நடுவில் கும்பகோணத்துக் கார் யாரிடமோ போய்விட்டது. திருச்சியில் அதே மாதிரி இன்னொன்று இருப்பதாக ஒரு தரகர் சொன்னார். விலை 2,90,000.

நான் கணக்கு எழுதுகிறவள். மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 2023 தையில் கொள்முதல் நிலையத்தில் சன்னரக நெல் குவிண்டால் 2,160 ரூபாய். அந்த விலைக்கு அன்றைய ஹெரால்டு 65 குவிண்டால் நெல், நாற்பது கிலோ சிப்பமாகச் சொன்னால் 162 சிப்பம். 2024 செப்டம்பரில் புது விலை 2,450. அப்போதைய ஹெரால்டு 118 குவிண்டால், 296 சிப்பம்! நெல்லுக்கு 290 ரூபாய் ஏறுவதற்குள் காருக்கு ஒன்றரை லட்சம் ஏறியிருக்கிறது. நாம் விளைவிக்கிற பொருள் படியேறுகிறது, நாம் ஆசைப்படுகிற பொருள் லிஃப்டில் போகிறது.

ஏன் இப்படி ஏறுகிறது என்று பையனைக் கேட்டேன். "செய்யறது நின்னு போச்சும்மா. இருக்கறதும் வருஷத்துக்கு வருஷம் குறையுது. சின்ன வயசுல பாத்து ஏங்கினவங்க எல்லாம் இப்ப ரிட்டயர் ஆகி, கையில காசோட இருக்காங்க" என்றான். எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் அப்படி, ஒரே வித்தியாசம் கையில் காசு இல்லை.

காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. என் பெயரில் ஒரு டெபாசிட் இருந்தது. மூன்று லட்சம். என் அம்மா கொடுத்த இரட்டை வடச் சங்கிலியை விற்றுப் போட்டது. எதற்கு என்றால், என் வலது முட்டிக்கு. தேய்மானம் என்று நாலு வருஷமாக மாத்திரையில் ஓடுகிறது. இப்போதைக்கு எடையைக் குறைத்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குகிற பயிற்சியைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். (தினம் காலையில் இட்லி வேகிற நேரத்தில் செய்கிறேன், நிஜமாகவே பலன் இருக்கிறது.) ஆனால் ஒரு நாள் ஆபரேஷன் வரும் என்றுதான் டாக்டரும் சொல்கிறார்.

இவர் அந்த டெபாசிட்டை வாயெடுத்துக் கேட்கவே இல்லை. கேட்டவன் பையன். "அம்மா, உன் முட்டிக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கு. கார் அதுக்குள்ள அஞ்சு லட்சம் போயிடும். இப்ப உடைச்சிப் போடு, அப்பா மூஞ்சியப் பாரு." தரகரும் தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தார். மதுரையிலிருந்து ஒருத்தர் வருகிறார், கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் முன்பணமே அனுப்பிவிட்டார், நாளைக்கு மூன்றேகால், நாளன்னைக்கு மூன்றரை. விலை ஏறுகிறது என்ற பேச்சுக்கு ஒரு சக்தி இருக்கிறது. அது நம்மை யோசிக்கவிடாது. தங்கம் வாங்கப் போனாலும் இதே கதைதானே?

எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. ஒரு பக்கம் இவர் முகம். இன்னொரு பக்கம், மாடிப்படி ஏறும்போது கையால் தொடையைத் தள்ளித் தள்ளி ஏறுகிற நான். எதைச் சொன்னாலும் நானே கெட்டவள் ஆகிவிடுவேன் போல இருந்தது. கடைசியில், "முதல்ல போய்ப் பாப்போம்" என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் ஸ்கூட்டர் பார்க்கிற மெக்கானிக் பாயையும் கூட்டிக்கொண்டு போனோம். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் ஹெரால்டு வேலை பார்த்தவர்.

கார் ஜொலித்தது. புதுப் பெயின்ட். ரோஜாப் பூ சிவப்பு. ஸ்டீயரிங்குக்குப் புது உறை. பூ வேறு சாத்தி வைத்திருந்தார்கள். இவர் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு ஆவலாக என்னைப் பார்க்கவில்லை!

எனக்கு என்ன தெரியும், கார்ச் சங்கதி? ஆனால் பாத்திரம் வாங்கத் தெரியும். பித்தளை அண்டா வாங்கினால் தட்டிப் பார்ப்போம், ஈயம் வைத்து அடைத்த இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதே புத்தியில் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து முன்பக்கம் ஒட்டினேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கதவின் மேல்பாகம், ஒட்டியது. கதவின் அடிப்பாகத்தில் வைத்தேன். தலையாட்டிப் பொம்மை பொத்தென்று கீழே விழுந்தது. எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தேன். அங்கேயும் விழுந்தது. பின்சக்கரத்து வளைவில் நிற்கவே இல்லை.

பாய் சிரித்தார். "பட்டி போட்டு மொழுகியிருக்காங்க அக்கா. தகரமே கிடையாது, துருப் புடிச்ச ஓட்டை மேல பட்டி, பட்டி மேல பெயின்ட்." பிறகு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். ஸ்க்ரூடிரைவரால் அடிச்சட்டத்தைக் குத்துகிற சத்தம் கேட்டது. டங், டங், டங், கடைசியில் ஒரு 'சரக்'. வெளியே வந்து உள்ளங்கையைக் காட்டினார். உடைந்த முறுக்கு மாதிரி துரு.

இதை வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெரால்டின் உடம்பு துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. கதவு போனால் கதவு, மட்கார்டு போனால் மட்கார்டு, மாற்றிவிடலாம். எல்லாவற்றையும் தாங்குவது அடியில் இருக்கிற இரும்புச் சட்டம். அது இற்றுப்போனால் மேலே எத்தனை பளபளப்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை. பின்சக்கரங்களையும் பின்னால் நின்று பார்க்க வேண்டும். எழுந்து நிற்கத் தெரியாத கன்றுக்குட்டி காலைப் பரப்பிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றால் பின்னால் குறுக்கே இருக்கிற பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் காரும் அப்படித்தான் நின்றது.

தரகர் சளைக்கவில்லை. "அம்மா, அறுபது வருஷத்து வண்டின்னா அப்படித்தான் இருக்கும். நீங்க விட்டா நாளைக்கு வேற ஆள்" என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் காரைப் பார்த்தார். "போகலாம்" என்றார்.

திரும்பி வரும்போது செங்கிப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். அதுவரை ஒரு வார்த்தை இல்லை. திட்டப் போகிறார், அல்லது திரும்பவும் ஊஞ்சல்தான் என்று எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "உன் டெபாசிட்டை எடுத்து இதை வாங்கியிருந்தா, நீ ஒவ்வொரு தடவை படி ஏறும்போதும் நான் கண்ணை மூடிக்கணும். தம்பி கேட்டது எனக்குத் தெரியும். அவன் வாயை நான்தான் அடைச்சிருக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த முன்பாகம் திறந்துச்சு பாத்தியா?" என்றார்.

அந்த டீக்கடை பெஞ்சிலேயே ஒப்பந்தம் போட்டோம். கார் தேடுவது நிற்க வேண்டாம். ஆனால் முட்டிப் பணத்தைத் தொடக் கூடாது. நெல் கொடுக்கிற பணத்தில்தான் கார். நெல் கொடுக்காத வருஷம் கார் காத்திருக்கும். விலை ஏறினால் ஏறட்டும்.

அந்த வருஷம் தீபாவளி கழித்து பாய் ஒரு தகவல் கொண்டுவந்தார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், கால்நடை டாக்டராக இருந்த ஒருவரின் ஹெரால்டு. அவர் காலமாகி எட்டு வருஷம். அவர் மனைவி மட்டும் இருக்கிறார். போய்ப் பார்த்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயலில் அந்த வீட்டுத் தென்னை நூற்றுக்கு மேல் போயிற்றாம். ஒன்று கார்க் கொட்டகை மேலேயே விழுந்திருக்கிறது. காரின் பின்மூடி நசுங்கி, மேலே கோழி எச்சம், உள்ளே எலி கடித்த சீட்டு. 1966ஆம் வருஷத்து வண்டி. சாம்பல் நிறம், அதுவும் வந்தபோது அடித்ததே. கம்பெனி பெயின்டுக்கு மேல் இன்னொரு கை படவில்லை. துரு இருக்கிற இடமெல்லாம் துருவாகவே இருந்தது. காந்தத்துக்கு வேலையே இல்லை. பாய் அடியில் படுத்துக் குத்தினார். முக்கால்வாசி 'டங்'. ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கிற கிளைச் சட்டங்களில் மூன்று போயிருந்தன. "பத்த வச்சுச் சரி பண்ணிடலாம்" என்றார்.

அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயசு இருக்கும். மோர் கொடுத்தார். "என்னா வெலக்கிப் போகும்னு எனக்குத் தெரியலம்மா. ஒருத்தன் அறுவதாயிரம்னான், பழைய இரும்புதானேன்னான். என் அண்ணன் மவன், இல்ல அத்தே, வெல ஏறிக்கிட்டே போவுது, வச்சிருங்கங்கறான். நான் எத்தினி நாள் வச்சிருக்கறது? மழைக்கு மழை அது கரையறதப் பாத்துக்கிட்டு..."

இந்த இடத்தில் இவர் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தால் எழுபது, எழுபத்தைந்துக்கு முடியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தரகர் எட்டு மணிக்குப் போன் செய்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பது மறக்கவில்லையே. அது ஏறுகிற விலையை வைத்து மிரட்டுவது. இது ஏறின விலையை மறைப்பது. நான் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினேன். "அக்கா, பளபளன்னு ஓடற நிலையில இருக்கறது ரெண்டே முக்கால், மூணு வரைக்கும் சொல்றாங்க. இது ஓடாது. இதை ஓட வைக்க எப்படியும் ஒண்ணேகால் ஆகும்னு இவர் சொல்றார். ரெண்டையும் கழிச்சா ஒண்ணரை, ஒண்ணு அறுபது நியாயம். எங்ககிட்ட அதுவும் இப்பக் கிடையாது. மாசி அறுப்பு முடிஞ்சாத்தான்." இவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நல்ல காலைத்தான் மிதித்தார், அந்த மட்டும் சந்தோஷம்.

அந்த அம்மா தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, "ஒண்ணு அறுவது. மாசியில வாங்க. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். முன்பணம் பத்தாயிரம் வைத்துவிட்டு வந்தோம்.

ஒரு சிக்கல் இருந்தது. ஆர்.சி. புத்தகம் இன்னும் காலமானவர் பெயரிலேயே இருந்தது. நம் வீடுகளில் இது சகஜம். நிலப் பட்டாவை மாற்றுவோம், பாங்க் கணக்கை மாற்றுவோம், வாசலில் நிற்கிற வண்டியை மறந்துவிடுவோம். சட்டப்படி, வண்டிச் சொந்தக்காரர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அதற்கப்புறம்தான் விற்பதற்கான 29, 30 படிவங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள், கேட்காதீர்கள். அந்த அம்மாவைக் காரில் கூட்டிப் போய், அபராதம் கட்டி, எல்லாம் முடிய மாசி வந்துவிட்டது. சம்பாவும் கைக்கு வந்தது. மீதியைக் கொடுத்து, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டு ஊஞ்சல் காலி.

பாய் ஒரு நாள் வருவார், இவர் தினம் ஆறு மணி நேரம். இரும்புச் சட்டத்தைப் பற்ற வைத்தது பாய். கழற்றித் துடைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டியது இவர். சென்னைக்குப் போய் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்கத் தேடிக் கதவுப் பிடி ஒன்று வாங்கி வந்தார். ஒன்றே ஒன்று! பிரேக் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. டிரையம்ஃபுக்கு அங்கே இன்னும் உதிரிப் பாகம் செய்கிறார்கள். தனியாகக் கனமான சாமானைத் தூக்கக் கூடாது, மத்தியானம் படுத்தே ஆக வேண்டும் என்று நான் போட்ட இரண்டு சட்டங்களுக்கு மட்டும் அடங்கினார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் ஒழுங்குக்கு வந்ததைப் பார்த்து டாக்டர், "என்ன மருந்து மாத்தினீங்க?" என்றார். "948 சி.சி." என்றார் இவர். டாக்டருக்குப் புரியவில்லை.

பணம்? அதையும் சொல்லத்தானே வேண்டும். ஒண்ணேகால் ஆகும் என்றது ஒண்ணே முக்கால் ஆயிற்று. இருபது வருஷத்தைத் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2025ல் பத்தாயிரம் ஆகிவிட்டது. 2022க்கு முன்னால் அதே வேலைக்கு அறுநூறு ரூபாய்! ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தனியாக 'வின்டேஜ்' பதிவு என்று 2021ல் விதி வந்திருக்கிறது. ஆனால் அதில் பதிந்தால் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். இவர் சாதாரணப் பதிவே போதும் என்றுவிட்டார். ஆகக் கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரம். திருச்சி ரோஜாப் பூவின் விலையை விட அதிகம். பையன் அந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். ரோஜாப் பூவை வாங்கியிருந்தால் அதற்கும் மேல் இதே ஒண்ணே முக்கால் செலவாகியிருக்கும், அதுவும் என் சங்கிலிப் பணத்தில். இதை இரண்டு அறுப்பில் கொடுத்தோம். 2025ல் மேட்டூர் சரியாக ஜூன் 12ல் திறந்து குறுவை நன்றாக வந்தது. ஐப்பசி மழையில் நெல் நனைந்து, ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை களத்தில் கிளறிக் கிளறிக் காய வைத்தோம். அந்த மாசம் சீட்டுக்கு உறை தைக்கிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கார் ஸ்டூல் மேல் உட்கார்ந்து ஓட்டப்படக் காத்திருந்தது.

எஞ்சின் முதல் தடவை ஓடிய அன்று ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டார் எல்லாரும் கைதட்டினார்கள். நான் கையில் ஆரத்தித் தட்டோடு வந்தவள், நாலடியில் நின்றுவிட்டேன். வாசனை! காஸ் அடுப்பில் முப்பது வருஷம் பழகின மூக்கு. "கற்பூரத்தை ஏத்தாதீங்க, எஞ்சினை நிறுத்துங்க" என்று கத்தினேன். பாய் பார்த்தார். பெட்ரோல் போகிற பழைய ரப்பர்க் குழாய் ஒன்று வியர்த்துக்கொண்டிருந்தது. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அறுபதுகளில் செய்த ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஊறி வெடித்துவிடும். குழாய், பம்பு ஜவ்வு எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிறதாக மாற்றின பிறகுதான் ஆரத்தி எடுத்தேன். பழைய கார் வைத்திருக்கிற வீட்டில் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தீயணைக்கிற சின்ன உருளை ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

இன்னொன்று, இளம் தாய்மாருக்கு. பின் சீட்டில் பெல்ட் கிடையாது. அதனால் பேத்தி எவ்வளவு அழுதாலும் ஓடுகிற காரில் அவளை ஏற்றுவதில்லை. நிற்கிற காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் வரை போய் வருகிறாள், அது போதும்.

இந்தத் தைப் பொங்கல் மறுநாள் எங்களிருவருக்கும் முதல் பயணம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். இவர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. வளைவில் வேகமாகப் போய்ப் பிரேக் போட்டால் இந்தக் காரின் பின்சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளுமாம், அதனால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டுமாம். ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பாடம். இரண்டு பக்கமும் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. டாக்டர் வீடு இருந்த தெருவில் இப்போது ஒரு செல்போன் கடை. இவர் இறங்கி, நடுத்தெருவில் காரின் முன்பாகத்தைத் தூக்கித் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நின்றார். ஐந்து நிமிஷத்தில் நாலு பையன்கள் வந்துவிட்டார்கள். "தாத்தா, இது என்ன?" என்றான் ஒருத்தன். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கார்புரேட்டரைக் காட்டினார்.

நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் நிஜம். கதவு அகலம், ஆனால் சீட்டு ரொம்பத் தாழ்வு, முட்டி மடங்கினது நிமிர மாட்டேன் என்கிறது. இவர் கை கொடுத்துத் தூக்கினார்.

காந்தம் திரும்பவும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதற்குக் கீழே இவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'வியாழன், பத்து மணி, முட்டி டாக்டர். டெபாசிட் ரசீது எடுத்துக்கொள்ளவும். ஹெரால்டில் போகக் கூடாது, ஆட்டோ சொல்லியாகிவிட்டது.'